இஸ்கந்தரிய்யா: அலைகடல் ஓரத்து அறிவுத் துறைமுகம்

நமது அரபுக் கல்லூரிகளில் நஹ்வு இலக்கணம் பயிலும் மாணவர்கள் 'காஃபியா' என்னும் சிறு நூலை நன்கறிவர். நம் முன்னோர் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் 'கஸீதத்துல் புர்தா'வை மனமுருகி ஓதி வந்தனர். இன்றும் பல ஊர்களில் அது ஓதப்படுகிறது. காயல்பட்டினம், கொழும்பு முதலிய ஊர்களில் ஷாதுலிய்யா தரீக்காவின் திக்ர் மஜ்லிஸ்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றன. இம்மூன்றையும் ஒரு சேரத் தன் மண்ணோடு பிணைத்துக்கொண்ட நகரம் ஒன்று உண்டு. காஃபியாவின் ஆசிரியர் இப்னுல் ஹாஜிப் (ரஹ்) மறைந்த நகரம் அது. புர்தா பாடிய இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களின் அடக்கவிடம் அமைந்த நகரமும் அதுவே. இமாம் அபுல் ஹஸன் அஷ்ஷாதுலி (ரஹ்) தம் ஞானப் பாசறையை நிறுவியதும் அங்கேதான். மத்தியதரைக் கடலோரத்து இஸ்கந்தரிய்யாவையே குறிப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் இதனை அலெக்ஸாண்டிரியா என்பர்.

எனினும் இப்பெயரைக் கேட்டதும் படித்தவர் பலருடைய நினைவுக்கு முதலில் வருவது இவற்றுள் ஒன்றுமன்று. உலகின் மிகப் பெரிய நூலகத்தைக் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி முஸ்லிம்கள் எரித்துச் சாம்பலாக்கினர் என்னும் பழிதான் நினைவுக்கு வருகிறது. பள்ளிப் பாடங்களிலும் பொதுக் கட்டுரைகளிலும் இப்பழி இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஆகவே இந்நகரின் வரலாற்றையும் அங்கு இன்று காணத்தக்கவற்றையும் அறிமுகப்படுத்தும் இக்கட்டுரையில், அப்பழியின் உண்மை நிலையையும் ஆராய முற்படுகிறோம்.

நகரின் தோற்றம்

கி.மு. 331இல் மாசிடோனிய மன்னன் அலெக்ஸாண்டர் எகிப்தைக் கைப்பற்றியபோது இந்நகருக்குக் கால்கோள் இட்டான். வடக்கே கடல், தெற்கே மர்யூத் ஏரி, இரண்டுக்கும் இடையே நீண்டு கிடந்த சுண்ணாம்புப் பாறை மேடு. இவ்விடத்தை அவன் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. நைல் நதி கடலில் கலக்கும் முகத்துவாரங்கள் வண்டல் படிந்து கப்பல்களுக்கு இடர் தருபவை. நீரோட்டம் அவ்வண்டலைக் கிழக்கு நோக்கியே இழுத்துச் செல்லும். முகத்துவாரங்களுக்கு மேற்கே அமைந்த இஸ்கந்தரிய்யாவை அது அண்டுவதில்லை. கரைக்கு எதிரே ஃபாரோஸ் என்னும் தீவு இயற்கையான அரணாய் நின்றது. அத்தீவையும் கரையையும் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள அணைகரையால் இணைத்தனர். அதனால் கிழக்கிலும் மேற்கிலுமாக இரு துறைமுகங்கள் கிடைத்தன. அவ்வணைகரையின் இருமருங்கிலும் காலப்போக்கில் மணல் சேர்ந்து அகன்று, இன்று தெருக்களும் சந்தைகளும் பள்ளிவாசல்களும் நிறைந்த நகரப் பகுதியாகவே மாறிவிட்டது.

அலெக்ஸாண்டருக்குப்பின் எகிப்தை ஆண்ட தாலமி மரபினர் இந்நகரைத் தலைநகராகக் கொண்டனர். கி.மு. 30இல் அது ரோமானியர் வசமாயிற்று. அக்காலத்தில் இந்நகருக்கும் நம் தென்னகத்துக்கும் இருந்த வணிகத் தொடர்புக்கு ஓர் அரிய ஆவணம் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மொழி நாணல்தாள் ஒன்று இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. 1985இல் அது பதிப்பிக்கப்பெற்றது. சேர நாட்டு முசிறியிலிருந்து 'ஹெர்மபொல்லோன்' என்னும் கப்பலில் வந்த யானைத் தந்தம், நறுமணத் தைலம் முதலான சரக்கின் கணக்கு அதில் காணப்படுகிறது. செங்கடல் கரையில் இறங்கிய பொருள்கள் ஒட்டகங்களின் மீது பாலைவனம் கடந்து நைல் கரையிலுள்ள கொப்டோஸை அடையும். அங்கிருந்து படகேறி இஸ்கந்தரிய்யாவின் அரசுக் கிடங்கைச் சேரும். சரக்கின் மதிப்பில் கால் பங்கு சுங்கமாகச் செலுத்தப்பட வேண்டும். இவையனைத்தும் அவ்வொப்பந்தத்திலிருந்து தெரியவருகின்றன. கொப்டோஸ் என்பது அரபியர் 'கிஃப்த்' என்று அழைக்கும் ஊராகும். இவ்வூர்ப் பெயரை வாசகர்கள் நினைவிற் கொள்க. பின்னர் வேறொரு வகையில் இதனைக் காண்போம்.

மனாரா என்னும் கலங்கரை விளக்கம்

தாழ்ந்த கடற்கரையாதலால் தொலைவிலிருந்து வரும் மாலுமிகளுக்குத் துறைமுகத்தின் இருப்பிடம் தெரியாது. இக்குறையை நீக்க ஃபாரோஸ் தீவில் கி.மு. 280ஐ ஒட்டி ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்டது. நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்து நின்ற அது பண்டைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அடித்தளம் சதுரமாகவும், நடுப்பகுதி எண்கோணமாகவும், உச்சி வட்டமாகவும் அமைந்திருந்தது. ஃபாரோஸ் என்னும் அத்தீவின் பெயரே பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளில் கலங்கரை விளக்கத்துக்குப் பொதுப்பெயராகிவிட்டது. அரபியர் இதனை 'மனாரா' என்றனர். எகிப்தியப் பள்ளிவாசல்களின் மனாராக்கள் சதுரம், எண்கோணம், வட்டம் என அடுக்கடுக்காய் எழுவதற்கு இவ்விளக்கமே முன்மாதிரி எனக் கருதும் ஆய்வாளரும் உளர்.

இவ்விளக்கத்தைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி முஸ்லிம் பயணிகளின் குறிப்புகளிலிருந்தே கிடைத்துள்ளது. ஸ்பெயின் நாட்டு மாலகா நகரத்து அறிஞர் யூஸுஃப் இப்னு முஹம்மத் அல்பலவீ 1166இல் இதனை ஏறிப் பார்த்துத் தளந்தோறும் அளந்து எழுதி வைத்தார். 1183இல் வந்த இப்னு ஜுபைர், இதன் உச்சியில் தொழுகைப் பள்ளி ஒன்று இருந்ததைக் குறிப்பிடுகிறார். அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்கள், குறிப்பாக 1303இல் நேர்ந்த பெரு நடுக்கம், கோபுரத்தைச் சிதைத்தன. 1326இல் இப்னு பதூதா வந்தபோது ஒரு பக்கம் மட்டும் இடிந்திருந்தது. 1349இல் அவர் மீண்டும் வந்தபோது உள்ளே நுழையவும் இயலாதபடி பாழடைந்து கிடந்தது. ஒரே மனிதர் தம் வாழ்நாளுக்குள் ஓர் உலக அதிசயத்தின் அந்திமத்தை இரு முறை கண்டு எழுதியிருப்பது வரலாற்றில் அரிது.

ஏடுகளின் நகரம்

தாலமி மன்னர்கள் அரண்மனை வளாகத்திலேயே அறிஞர்கள் உண்டு உறைந்து ஆய்வு செய்வதற்கென ஒரு கலைக்கூடத்தையும் அதனோடு இணைந்த நூலகத்தையும் நிறுவினர். அங்கிருந்த ஏட்டுச் சுருள்களின் எண்ணிக்கையைப் பண்டை ஆசிரியர்கள் பலவாறாகக் கூறுவர். மிகையான கணக்கு ஏழு லட்சம் என்கிறது. வடிவியலை முறைப்படுத்திய யூக்ளிட், பூமியின் சுற்றளவைக் கணித்த எரட்டோஸ்தெனிஸ், வானநூல் வல்ல தாலமி, இயந்திர நூல் வல்ல ஹீரோன் ஆகியோர் இந்நகரோடு தொடர்புடையோர். மருத்துவ மேதை ஜாலீனூஸும் இங்குப் பயின்றவரே.

இவர்களுடைய நூல்கள் பின்னர் என்னவாயின என்பதைக் கவனிக்க வேண்டும். யூக்ளிடின் நூலும் தாலமியின் 'அல்மஜிஸ்தி'யும் பக்தாதில் அரபியாக்கம் பெற்றன. ஜாலீனூஸின் மருத்துவ நூல்களை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய மாணவர்களும் பெயர்த்தனர். ஹீரோனின் இயந்திரவியல் நூல் முழுமையாக எஞ்சியிருப்பது குஸ்தா இப்னு லூகா செய்த அரபி மொழிபெயர்ப்பில் மட்டுமே. இஸ்கந்தரிய்யாவில் பயின்ற அப்போலோனியஸ் கூம்பு வெட்டுகளைப் பற்றி எட்டுப் பகுதிகள் எழுதினார். அவற்றுள் முதல் நான்கு கிரேக்கத்தில் எஞ்சின. ஐந்து முதல் ஏழு வரையிலானவை அரபி மொழியில் மட்டுமே வாழ்கின்றன. எட்டாம் பகுதி மறைந்தொழிந்தது. இந்நகரின் ஏடுகளை உலகம் இழக்காமல் காத்தவர் வரிசையில் அரபியில் எழுதிய முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஸாபியர்களும் ஒருங்கே நிற்கின்றனர்.

நூலகம் எரிந்த கதை

இனி அப்பழிக்கு வருவோம். கதை இதுதான்: அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) நகரை வென்றபோது யஹ்யா அந்நஹ்வி என்னும் கிறிஸ்தவ அறிஞர் நூலகத்து ஏடுகளைத் தமக்குத் தருமாறு வேண்டினார். அம்ர் கலீஃபாவின் கருத்தைக் கேட்டு எழுதினார். அவ்வேடுகள் இறைமறைக்கு இசைந்தவையாயின் தேவையற்றவை, மாறுபட்டவையாயின் தீயவை, ஆதலின் அழித்துவிடுக என்னும் பொருளில் விடை வந்தது. ஏடுகள் நகரின் ஹம்மாம்களுக்கு விறகாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவை எரிந்து தீர ஆறு மாதம் ஆயிற்று.

இக்கதையை எழுதியோர் யார், எப்போது எழுதினர் என்பதே முதல் கேள்வி. இஸ்கந்தரிய்யா முஸ்லிம்களிடம் ஒப்படைக்கப்பட்டது கி.பி. 642இல். அதே நூற்றாண்டில் வெற்றியின் வரலாற்றை விரித்தெழுதிய கிறிஸ்தவ ஆயர், நிகியூ நகரத்து யோவான், இதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அரபியரைக் குறைகூறத் தயங்கியவரல்லர் அவர். எகிப்திய வெற்றிக்கெனவே தனி நூல் எழுதிய இப்னு அப்தில் ஹகம் (மறைவு 871) கூறவில்லை. பலாதுரீயும் தபரீயும் கூறவில்லை. பத்தாம் நூற்றாண்டில் இதே இஸ்கந்தரிய்யாவின் கிறிஸ்தவ முதுகுருவாக இருந்து வரலாறு எழுதிய ஸயீத் இப்னு பித்ரீகும் கூறவில்லை. ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகள் கழிந்தபின், கி.பி. 1200ஐ ஒட்டி எகிப்துக்கு வந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி என்னும் மருத்துவ அறிஞரே இதனை முதன்முதலாகப் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். இதே இடத்தில் அரிஸ்டாட்டில் பாடம் நடத்தினார் என்றும் அவர் அங்கேயே எழுதுகிறார். அரிஸ்டாட்டில் இந்நகரில் பாடம் நடத்தியவரே அல்லர். பயணியிடம் உள்ளூரார் கூறிய செவிவழிச் செய்தியே இது என்பது இதனால் புலப்படும்.

கதைக்கு உரையாடலும் விவரமும் சேர்த்தவர் 1248இல் மறைந்த இப்னுல் கிஃப்தி. முசிறிச் சரக்கு படகேறிய அதே கிஃப்தில் பிறந்தவர் இவர். இவரிடமிருந்து சிரியக் கிறிஸ்தவ அறிஞர் இப்னுல் இப்ரீ (மறைவு 1286) எடுத்தெழுதினார். அந்நூல் பதினேழாம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் இலத்தீன் மொழிபெயர்ப்புடன் வெளிவந்தபோது ஐரோப்பா முழுவதும் கதை பரவிற்று. கதையை முதலில் எழுதிய இருவரும் முஸ்லிம்களே என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. முஸ்லிம் ஒருவர் எழுதினார் என்பதாலேயே ஒரு செய்தி சான்றாகிவிடாது. அறிவிப்பாளர் தொடரைத் தேடி ஆராய்வது நம் ஹதீஸ் கலை கற்றுத் தந்த பாடம். ஐந்தரை நூற்றாண்டு இடைவெளியை இணைக்கும் அறிவிப்பாளர் ஒருவரேனும் இக்கதைக்கு இல்லை.

அடுத்து, கதையின் உள்ளடக்கமே அதனை மறுக்கிறது. யஹ்யா அந்நஹ்வி ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அம்ர் (ரலி) நகருக்குள் நுழைவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே அவர் மறைந்துவிட்டார். மேலும், 641ஆம் ஆண்டு நவம்பரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பைஸாந்தியருக்குப் பதினொரு மாத அவகாசம் தரப்பட்டது. அக்காலத்தில் அவர்கள் தம் உடைமைகளோடு கடல் வழியே செல்ல வழி திறந்திருந்தது. விலைமதிப்பற்ற நூலகம் ஒன்று இருந்திருப்பின் அதனைக் கொண்டுசெல்ல அவர்களுக்கு நேரமும் கப்பலும் இருந்தன.

கணக்கும் கதைக்கு ஒத்துவரவில்லை. நகரில் நாலாயிரம் ஹம்மாம்கள் இருந்தன என்று வெற்றி பற்றிய அறிவிப்பு ஒன்று கூறுகிறது. ஆறு மாதத்துக்கு நூற்றெண்பது நாள். ஏழு லட்சம் சுருள்கள் என்னும் மிகையான எண்ணையே ஏற்றுக்கொண்டாலும், ஒரு ஹம்மாமுக்கு ஒரு நாளைக்கு ஒரு சுருள்கூட முழுதாகக் கிடைக்காது. ஒற்றைச் சுருளைக் கொண்டு நாள் முழுதும் வெந்நீர் காய்ச்ச இயலுமா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

அவ்வாறாயின் நூலகம் எப்படி மறைந்தது? கி.மு. 48இல் ஜூலியஸ் சீசர் துறைமுகத்தில் மூட்டிய தீயில் ஏராளமான ஏடுகள் அழிந்தன எனப் பண்டை ரோமானிய, கிரேக்க ஆசிரியர்களே எழுதியுள்ளனர். கி.பி. 272ஐ ஒட்டி ரோமப் பேரரசன் அவுரேலியன் நடத்திய போரில் நூலகம் இருந்த அரண்மனைப் பகுதி பாழாயிற்று. துணை நூலகம் அமைந்திருந்த செராபிஸ் கோயில் 391இல் தகர்க்கப்பட்டது. அப்போது அங்கு ஏடுகள் எஞ்சியிருந்தனவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆகவே நம்மீது விழுந்த பழியைத் துடைக்கும் வேகத்தில் அதனைக் கிறிஸ்தவச் சமுதாயத்தின் தலையில் சுமத்துவதும் நீதியாகாது. ஒரே நாளில் ஒரே தீயில் அந்நூலகம் அழியவில்லை. போர்களுக்கிடையே பராமரிப்பாரும் படியெடுப்பாரும் இன்றி, ஈரக் கடற்காற்றில் நாணல்தாள்கள் இற்றுப்போயின. பெரும்பகுதி இவ்வாறு மறைந்தது என்பதே பொருத்தமான முடிவாகத் தோன்றுகிறது.

இக்கதையை ஐயுற்றவர்களுள் ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் குறிப்பிடத்தக்கவர். மௌலானா ஷிப்லி நுஃமானி (ரஹ்) இதன் மறுப்புக்கெனவே உருது மொழியில் ஒரு தனி நூல் இயற்றினார். ஆல்ஃபிரட் பட்லர் 1902இல் வெளியிட்ட எகிப்திய வெற்றி வரலாற்றில் கதையை அலசி, ஆதாரமற்றது என ஒதுக்கினார். பாலஸ்தீனத்திலும் இராக்கிலும் பிற சமயத்தவரின் வழிபாட்டிடங்களுக்கு அடைக்கலம் அளித்த உமர் (ரலி) அவர்களின் பண்புக்கும் இக்கதை சற்றும் பொருந்துவதன்று.

இஸ்லாமிய இஸ்கந்தரிய்யா

முஸ்லிம்கள் தலைநகரை உள்நாட்டில் ஃபுஸ்தாத்தில் அமைத்ததால் இஸ்கந்தரிய்யா அரசியல் சிறப்பை இழந்தது. அறிவுச் சிறப்பை இழக்கவில்லை. அந்தலூஸிலிருந்தும் மக்ரிபிலிருந்தும் ஹஜ்ஜுக்குச் செல்வோர் கரையிறங்கும் வாயில் இதுவே. வந்தோருட் சிலர் இங்கேயே தங்கினர். 'ஸிராஜுல் முலூக்' என்னும் அரசியல் அறநூலை இயற்றிய அத்தர்தூஷீ (மறைவு ஹி. 520, கி.பி. 1126) அவர்களுள் ஒருவர். இஸ்ஃபஹானிலிருந்து கிழக்கு வழியாக வந்த ஹதீஸ் மேதை அபூதாஹிர் அஸ்ஸிலஃபீ ஹி. 511இல் இங்குக் குடியேறி, ஹி. 576இல் (கி.பி. 1180) மறையும்வரை அறுபத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்தினார். ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி தம் மக்களுடன் வந்து இவரிடம் ஹதீஸ் செவியுற்றார்.

எகிப்தில் ஸுன்னத் வல் ஜமாஅத் மதரஸாக்கள் ஸலாஹுத்தீன் காலத்தில்தான் தோன்றின என்று பலர் எண்ணுவர். உண்மையில் ஃபாத்திமிய்யா ஆட்சியின் இறுதிக் காலத்திலேயே இந்நகரில் இரு மதரஸாக்கள் எழுந்துவிட்டன. ஒன்று மாலிகீ மத்ஹபைச் சார்ந்தது. மற்றொன்று ஸிலஃபீ அவர்களுக்காக அமைச்சர் இப்னுஸ் ஸல்லார் நிறுவிய ஷாஃபிஈ மதரஸா. 1183இல் வந்த இப்னு ஜுபைர், துறைமுகச் சுங்க அதிகாரிகள் ஹாஜிகளின் மூட்டைகளைக் குடைந்து சோதித்த கடுமையைக் கண்டித்து எழுதுகிறார். அதே கையோடு, தொலைதேசத்து மாணவர்களுக்கு உறைவிடமும் ஆசிரியரும் உதவித்தொகையும் மருத்துவமனையும் வழங்கப்பட்டதை வியந்து போற்றுகிறார். எரித்ததாகப் பழிசுமந்த சமுதாயம் அந்நகரில் உண்மையில் செய்து வந்த பணி இதுவே.

ஹி. 642இல் இமாம் ஷாதுலி (ரஹ்) இங்கு வந்து அமர்ந்தார்கள். அவர்களின் கலீஃபா, முர்ஸியா நகரத்து அபுல் அப்பாஸ் அல்முர்ஸீ (ரஹ்) ஹி. 686இல் (கி.பி. 1287) இங்கேயே மறைந்தார்கள். 'அல்ஹிகம்' இயற்றிய இப்னு அதாஇல்லாஹ் அல்இஸ்கந்தரீ, புர்தா பாடிய பூஸீரி ஆகியோர் அல்முர்ஸீயின் மாணவர்கள். 1326இல் இங்குவந்த இப்னு பதூதாவிடம் புர்ஹானுத்தீன் என்னும் பெரியார், இந்தியாவிலும் சிந்திலும் சீனத்திலும் உள்ள தம் சகோதரர்களை நீர் சந்திப்பீர் என முன்னறிவித்ததாக அவர் எழுதுகிறார். தூர கிழக்கு நாடுகளைப் பற்றிய எண்ணம் தம் உள்ளத்தில் அப்போதுதான் வேரூன்றியது என்பது அவர் கூற்று. அப்பயணமே பின்னர் அவரை நம் மஃபர் கரைக்கும் மதுரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

1365இல் ஸைப்ரஸ் மன்னன் நடத்திய சிலுவைப் படையெடுப்பு நகரைச் சூறையாடிற்று. போர்த்துகீசியர் நன்னம்பிக்கை முனை வழியைக் கண்டபின் மிளகு வாணிகமும் கைநழுவியது. 1798இல் நெப்போலியன் வந்தபோது இஸ்கந்தரிய்யா ஒரு சிற்றூராகவே சுருங்கியிருந்தது. முஹம்மத் அலீ பாஷா 1820இல் மஹ்மூதிய்யா கால்வாயை வெட்டி நைல் நீரைக் கொணர்ந்த பின்னரே அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. இன்று அது ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் எகிப்தின் இரண்டாம் பெருநகரம்.

இன்று காணத்தக்கவை

கெய்ரோவிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தொலைவுக்குச் சற்று மேல். ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் சென்றடையலாம். கடலோரமாக வளைந்து செல்லும் 'கூர்னீஷ்' சாலையின் மேற்கு முனையில், மனாரா நின்ற அதே இடத்தில், மம்லூக் ஸுல்தான் காயித்பாய் 1477 முதல் 1479 வரையிலான காலத்தில் கட்டிய கோட்டை நிற்கிறது. அதன் சுவர்களில் பதித்துள்ள செந்நிறக் கருங்கற்கள் பழைய விளக்கத்தின் எச்சங்கள் எனக் கருதப்படுகின்றன. கோட்டையை ஒட்டிய கடலடியில் 1994 முதல் நடந்த ஆய்வில் ஆயிரக்கணக்கான கல் பாளங்களும் சிலைகளும் கண்டறியப்பட்டன. கடல் மட்டம் உயர்ந்து வருவதால் கோட்டையைக் காக்க அலைத்தடுப்புப் பாளங்களை இட்டு வைத்துள்ளனர்.

கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில் 'மைதானுல் மஸாஜித்' என்னும் பள்ளிவாசல் சதுக்கம். நடுநாயகமாக அபுல் அப்பாஸ் அல்முர்ஸீ (ரஹ்) பள்ளிவாசல். இன்றைய எண்கோணக் கட்டடத்தை வடிவமைத்தவர் மாரியோ ரோஸ்ஸி என்னும் இத்தாலியக் கட்டடக் கலைஞர். எகிப்தில் பணியாற்றி இஸ்லாத்தைத் தழுவியவர். 1940களில் நிறைவுற்ற இதன் மனாரா எழுபது மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. எதிரே இமாம் பூஸீரி (ரஹ்) பள்ளிவாசல். புர்தாவின் அடிகள் அதன் சுவர்களை அணிசெய்கின்றன. நம் ஊர்களில் சிறு வயதிலிருந்தே செவிவழி பதிந்த அவ்வரிகளை அங்கே எழுத்தில் காண்பது தமிழ் முஸ்லிம் பயணிக்கு வாய்க்கும் தனிப் பேறு.

நகரின் தென்மேற்கில் செராபிஸ் கோயில் இருந்த மேட்டில் 'அமூதுஸ் ஸவாரீ' என்னும் ஒற்றைத் தூண் நிற்கிறது. ஏறத்தாழ 27 மீட்டர் உயரம். அஸ்வான் செந்நிறக் கருங்கல்லால் ஆனது. ஐரோப்பியர் இதனைப் பாம்பேயின் தூண் என்பர். அதிலுள்ள கிரேக்கக் கல்வெட்டோ இது பேரரசன் டையோக்ளீஷியனின் புகழுக்காக நாட்டப்பட்டது எனத் தெரிவிக்கிறது. அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி அக்கதையைக் குறித்தது இத்தூணைக் கண்ட இடத்தில்தான். அருகிலேயே 1900இல் கண்டறியப்பட்ட கோமுஷ் ஷுகாஃபா நிலத்தடிக் கல்லறைகள். எகிப்திய, கிரேக்க, ரோமானியச் சிற்ப முறைகள் ஒரே சுவரில் கலந்திருப்பதை அங்கே காணலாம்.

நகர மையத்துக் கோமுத் திக்காவில் போலந்து நாட்டு ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்த ரோமானிய அரங்கம் உள்ளது. பயணிகள் பெரும்பாலும் அரங்கத்தைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவர். அதனருகே இருபதுக்கும் மேற்பட்ட விரிவுரைக் கூடங்கள் வரிசையாக உள்ளன. மூன்று புறமும் மாணவருக்கான கல் இருக்கைகள், நடுவே ஆசிரியருக்கு உயர்ந்த இருக்கை. நம் தர்ஸ் ஹல்காக்களை நினைவூட்டும் அமைப்பு. ஐந்தாம் நூற்றாண்டு முதல் ஏழாம் நூற்றாண்டு வரை இவை பயன்பட்டன. தாலமியரின் நூலகம் மறைந்த பின்னும் இந்நகரில் கல்வி மறையவில்லை என்பதற்கு இவற்றை விடச் சிறந்த சான்றில்லை. இவற்றோடு 1892இல் தொடங்கப்பட்ட கிரேக்க ரோமானிய அருங்காட்சியகமும் காணத்தக்கது. பல ஆண்டுகள் மூடிக்கிடந்த அது 2023 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது.

புதிய நூலகம்

பழைய நூலகம் இருந்ததாகக் கருதப்படும் பகுதிக்கு அருகில், கடலை நோக்கி, 'மக்தபதுல் இஸ்கந்தரிய்யா' என்னும் புதிய நூலகம் யுனெஸ்கோவின் ஆதரவுடன் எழுப்பப்பட்டு 2002 அக்டோபர் 16இல் முறைப்படி திறக்கப்பட்டது. 160 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு ஒன்று உதய சூரியனைப்போல் நீரிலிருந்து சாய்ந்தெழும் தோற்றம். புறச்சுவரின் அஸ்வான் கருங்கல்லில் உலகின் 120 எழுத்து முறைகளின் வடிவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. படிப்படியாக இறங்கும் வாசிப்புக் கூடத்தில் ஈராயிரம் பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து படிக்கலாம். கையெழுத்துப் பிரதிகளுக்கெனத் தனி அருங்காட்சியகமும், சிதைந்த ஏடுகளைச் செப்பனிடும் கூடமும் உள்ளன.

2011 ஜனவரியில் எகிப்தில் மக்கள் எழுச்சி மூண்டு காவல்துறை மறைந்தபோது, இஸ்கந்தரிய்யாவின் தெருக்களில் அரசுக் கட்டடங்கள் தீக்கிரையாயின. அப்போது போராட்டத்திலிருந்த இளைஞர்களே கைகோத்து இந்நூலகத்தைச் சூழ்ந்து நின்று காத்தனர். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நடக்காத ஒன்றுக்காக நாம் ஏடு புரட்டி விடை தேடிக்கொண்டிருக்க, அவ்விளைஞர்கள் கண்முன்னே விடையளித்துவிட்டனர்.

நமக்குரிய பொறுப்பு

இஸ்கந்தரிய்யாவின் பழைய நூலகம் தீயால் அழிந்த பங்கினும் கவனிப்பாரின்றி அழிந்த பங்கே பெரிது என மேலே கண்டோம். இம்முடிவு நம்மை உவகைக்கு உள்ளாக்குவதாக இல்லை. நம் ஊர்களின் பழைய வீட்டுப் பரண்களிலும், தைக்காக்களின் மூலைப் பெட்டிகளிலும் அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏடுகள் இன்றும் கிடக்கின்றன. ஃபிக்ஹ் நூல்களும் மாலைகளும் மருத்துவக் குறிப்புகளும் அவற்றுள் அடக்கம். அவற்றை வாசிக்கத் தெரிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். வீடு இடிக்கும்போது அவ்வேடுகள் கிணற்றிலோ கடலிலோ சேர்க்கப்படுவதும் உண்டு. மரியாதை கருதியே அவ்வாறு செய்கின்றனர் எனினும் விளைவு ஒன்றுதான்.

கூம்பு வெட்டுகளைப் பற்றிய அப்போலோனியஸின் மூன்று பகுதிகள் இன்று உலகுக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம், பக்தாதில் யாரோ ஒருவர் மைக்கூட்டைத் திறந்து உட்கார்ந்து படியெடுத்ததே. எட்டாம் பகுதிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. நம் ஊர்ப் பெட்டிகளில் உள்ள ஏடுகளைப் பட்டியலிடவும், ஒளிப்படம் எடுத்துப் பாதுகாக்கவும், படித்துப் பதிப்பிக்கவும் அரபுக் கல்லூரிகளும் ஜமாஅத்துகளும் முன்வருமாயின், இஸ்கந்தரிய்யாவைப் பற்றி நம்மீது கூறப்பட்ட பழிக்கு அதனினும் தக்க மறுப்பு வேறில்லை. வல்ல அல்லாஹ் அதற்கான தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் அருள்வானாக!